அத்திம்பேரும் ஆக்டைல் ஆல்கஹாலும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்று கேட்டார்கள். பம்ப்பை எப்படிக் கழற்றுவது, உப்புக் கரைசலின் அடர்த்தியை எப்படி அளப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. அது என்னைவிடத் தெளிவாகப் பேசும், நடுவில் காபியும் கேட்காது. கையேட்டில் ஒரே வரியில் முடிந்துவிடுகிற ஒரு சமாசாரத்தை மட்டும் சொல்கிறேன். குளிர்ச்சி குறைந்து, கரைசலில் வாசனையும் இல்லாமல் போனால் ஆக்டைல் ஆல்கஹால் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்த வரி. மயிலாப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் அன்றைக்கு அந்த வரியை நிறைவேற்ற நான் பட்ட பாடுதான் இது.

உங்களில் சிலருக்கு இது முதல் வாரம் என்பதால் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்முடைய சில்லர் கம்ப்ரஸரில் ஓடுவதில்லை, நீராவிச் சூட்டில் ஓடுகிறது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு பெரிய இரும்புக் கூட்டுக்குள் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது, ஏசிக்குப் போகிற குழாய்த் தண்ணீரைக் குளிரவைத்துவிட்டுப் போகும். ஆனால் அந்த ஆவியை உடனுக்குடன் குடித்துத் தீர்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் லித்தியம் புரோமைடு உப்புக் கரைசல். குழாய்களின் மேல் மெல்லிய படலமாக வழிந்தபடியே ஆவியைக் குடித்துக்கொண்டிருப்பார். பிறகு அவரை நீராவியில் கொதிக்கவைத்து, குடித்ததைக் கக்கவைத்து, மறுபடி வேலைக்கு அனுப்புவோம். அவர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டால் குளிர்ச்சி குறையும். நான் பார்த்த தொழில்களில் குடிப்பவர் நிறுத்திவிட்டாரே என்று எல்லோரும் பதறுகிற தொழில் இது ஒன்றுதான்.

ரிசப்ஷன் நடந்த ஹோட்டல் சைவ ஹோட்டல். இட்லிக்கும் துணி துவைக்கவும் பெரிய பாய்லர் இருந்ததால், மிச்ச நீராவியில் நம் இயந்திரம் ஓடியது. முதலாளி காலையில் கபாலி கோயிலுக்குப் போய்வந்துதான் கல்லாவில் உட்காருவார். மது, மாமிசம், புகை எதுவும் இந்த வளாகத்துக்குள் அனுமதியில்லை என்று வாசலில் பித்தளையில் பொறித்து வைத்திருந்தார். அந்தப் பலகைக்காகவே அங்கே கல்யாணம் நடத்த வருகிற குடும்பங்கள் உண்டு.

நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவரே போன் செய்தார்.

"மேடம், ஹால்ல காத்து வருது, குளிர் வரல. சாயங்காலம் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் கோட்டு சூட்டு. உடனே வாங்க."

எனக்கு அன்று பயங்கர ஜலதோஷம். மூக்கு இருக்கிறது என்பதற்கு அடையாளமே அது ஒழுகுவது மட்டும்தான். அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன்.

கீழ்த்தளத்தில் டில்லி நின்றிருந்தார். சைதாப்பேட்டைக்காரர். பாய்லரில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஆனால் சில்லருக்குப் புதுசு. புதுசாகக் கல்யாணமானவர் மனைவியைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார்.

"வேக்யூம்ல ஒரு கொறையும் இல்ல மேடம். காத்து உள்ள பூந்தா கூலிங் போயிடும்னு சொன்னாங்கோ. அதான் நானு காத்த உறிஞ்சற பர்ஜ் பம்ப்ப நிறுத்தறதே இல்ல. சேர்ந்த நாள்லேர்ந்து ஓட்டிக்கினே கீறேன்."

அப்போது அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சரிபார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தேன். வேக்யூம் பிரமாதம். கரைசலின் அடர்த்தி சரி. கூலிங் டவர் தண்ணீர் சரி. நீராவி சரி. எல்லாம் சரியாக இருந்தும், வெளியே போகிற தண்ணீர் மட்டும் குளிரவில்லை.

அதற்குள் முதலாளி இறங்கி வந்தார். பின்னாலேயே பெண்ணின் அப்பா. பட்டு வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

"மேலே பொண்ணுக்கு மேக்கப்பெல்லாம் வழியறது. அந்தம்மா ஒரு பக்கம் போட்டுண்டே வரா, இன்னொரு பக்கம் இறங்கிண்டே வரது. ஏதாவது பண்ணுங்கோ."

"ஸ்டீமை ஃபுல்லா தொறந்து விடுங்க மேடம்," என்றார் முதலாளி. "வால்வு பாதிதானே தொறந்திருக்கு? இன்னும் பாதி சும்மாதானே கிடக்கு?"

இதைக் கவனித்து வையுங்கள். அவசரத்தில் இருக்கிறவர்கள் எப்போதும் ஏதாவது ஒரு வால்வைக் காட்டித்தான் பேசுவார்கள். அதைத் திறந்தால் நாம் ஏதோ செய்துவிட்டதாகத் தெரியும், எல்லோரும் மேலே போய்விடுவார்கள். ஆனால் ஆவியையே ஒழுங்காகக் குடிக்காத கரைசலை மேலும் கொதிக்கவைத்தால், அது கெட்டியாகி, குழாய்க்குள்ளேயே கல் உப்பாக உறைந்துவிடும். அப்புறம் அதைக் கரைப்பதற்குள் அந்தப் பெண் தேனிலவே போய்த் திரும்பியிருப்பாள்.

"வேண்டாம் சார்," என்றேன். "இப்ப கொஞ்சமாவது குளிர் இருக்கு. அதைத் திறந்தா அதுவும் போயிடும்."

"அப்ப என்னதான் பண்ணப்போறீங்க?"

"இன்னும் தெரியல. தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. ஆனாலும் தெரியாது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. டில்லி சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கிற பம்ப். அது காற்றை மட்டுமா இழுக்கும்? கரைசலின் மேல் இருக்கிற ஆல்கஹாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியே துப்பியிருக்கும். பாவம், அந்த மனுஷன் அக்கறையாகத் துடைத்துத் துடைத்தே பொட்டை அழித்திருக்கிறார்.

ஒரு குப்பியில் கரைசலை எடுத்தேன். ஆல்கஹால் இருந்தால் மூக்கைப் பிய்க்கிற நெடி அடிக்க வேண்டும். முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் அன்று என் மூக்கின் கீழ் பெருங்காய டப்பாவைத் திறந்து வைத்திருந்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பழுதான மீட்டரை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அந்த மீட்டர் நம் முகத்தின் நடுவில் இருந்தாலும் இதே விதிதான்.

"டில்லி, நீங்க மோந்து பாருங்க."

"சாம்பார் வாசன வருது மேடம்."

"அது மேல கிச்சன்லேர்ந்து வருது. இந்தக் குப்பியில?"

"இன்னா வாசன வரணும்னு சொன்னா, வருதான்னு சொல்வேன்."

நியாயமான கேள்வி. என் பையில் ஒரு பழைய துடைப்புத் துணி இருந்தது. எப்போதோ வேறோர் இடத்தில் ஆக்டைல் ஆல்கஹாலைத் துடைத்தது. துவைத்தும் போகாததால் வீட்டில் அதை உள்ளேயே விடுவதில்லை. அதை டில்லியின் மூக்கருகே நீட்டினேன். மனுஷன் பாய்லர் வரைக்கும் பின்னால் போய்விட்டார்.

"இன்னா மேடம் இது, மூட்டைப்பூச்சிய எண்ணெய்ல வறுத்த மாரி!"

"இப்ப குப்பியை மோந்து பாருங்க."

மோந்தார். தலையை ஆட்டினார். "இதுல சுத்தமா இல்ல மேடம். சாம்பார்தான்."

முடிவாகிவிட்டது. வேளச்சேரியில் இருக்கிற எங்கள் ஸ்டோருக்குப் போன் செய்து, ஒரு கேனை பைக் டெலிவரியில் அனுப்பச் சொன்னேன். அங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பித்தது. கேன் வந்தது, ஆனால் வாசலைத் தாண்டி வரவில்லை. செக்யூரிட்டி அதன் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பித்தளைப் பலகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கேனைக் கைது செய்து முதலாளியின் அறைக்குக் கொண்டுபோய் விட்டார்.

நான் மூச்சிரைக்க மேலே போனபோது, கேன் மேஜை மேல் இருந்தது. முதலாளி அதைத் தொடாமல், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா என் கட்டடத்துக்குள்ள ஆல்கஹால் வராது. மெஷினா இருந்தாலும் சரி."

"சார், இது குடிக்கிற சரக்கு இல்ல. பேரு மட்டும்தான் அப்படி."

"பேருதானே பலகையில போட்டிருக்கு?"

இந்த இடத்தில் விவாதம் செய்தால் ரிசப்ஷன் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் கற்பூர டப்பா இருந்தது. "ஒரு தட்டுல தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க," என்றேன். வந்தது. ஒரு கற்பூரத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துத் தண்ணீரில் போட்டேன். "இப்ப பாருங்க, தானா ஓடும்."

ஓடவில்லை. எல்லாத் துண்டுகளும் சாதுவாக மிதந்தன. முதலாளி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழ என்று இருந்தது.

"இதுல என்ன சார் வச்சிருந்தாங்க?"

"மதியம் நெய் ரோஸ்ட்."

எண்ணெய்ப் பசை ஒரு பொட்டு இருந்தாலும் இந்த வித்தை பலிக்காது. தட்டைப் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லி, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கற்பூரத்தைப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு துண்டும் பாண்டி பஜாரில் ஆட்டோ போகிற மாதிரி, எதிலும் மோதாமல், எல்லாவற்றையும் உரசிக்கொண்டு, விர்ரென்று சுற்றியது. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது.

"சாமி சமாசாரம் இல்ல சார். தண்ணியோட மேல்பரப்பு ஒரு இழுத்துக் கட்டின துணி மாதிரி. கற்பூரம் கரையற பக்கம் இழுப்பு தளருது, எதிர்ப்பக்கம் இறுக்கமா இழுக்குது. அதனால ஓடுது. கீழ நம்ம மெஷின்லயும் இதுதான் நடக்கணும். உப்புக் கரைசல் படலமா வழியறப்போ, மேல இருக்கிற பகுதி ஆவியைக் குடிச்சு வயிறு நிறைஞ்சு அப்படியே உட்கார்ந்துடுது. உள்ளே தாகமா இருக்கிற உப்புக்கு மேல வர வழியில்ல. இந்தத் திரவத்தைச் சொட்டுக் கணக்குல சேர்த்தா, அது இருக்கிற இடத்துல இழுப்பு தளரும், இல்லாத இடம் இழுக்கும். படலமே குபுகுபுன்னு புரளும். குடிச்சது உள்ள போகும், குடிக்காதது மேல வரும்."

முதலாளி தட்டில் சுற்றுகிற கற்பூரத்தைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"பந்தியில சாப்ட்டு முடிச்சவன் இலையை மூடாம கதை பேசிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பசியோட வந்தவன் அவன் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். இது அவனை எழுப்பி விடற ஆள். அப்படித்தானே?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விளக்கம் இல்லை. "அதேதான் சார்," என்றேன்.

"அப்ப கேன் முழுசையும் ஊத்திடுங்க!"

மறுப்பவரைச் சம்மதிக்க வைப்பது பாதி வேலைதான். சம்மதித்தவரைப் பிடித்து நிறுத்துவது மீதிப் பாதி. அளவுக்கு மேல் போனால் அது சும்மா மிதந்துகொண்டிருக்கும், ஒரு நன்மையும் செய்யாது. அவர் பாணியிலேயே சொன்னேன். "எழுப்பி விடற ஆளே நூறு பேர் நின்னா, சாப்பிட வந்தவங்க எங்க சார் உட்காருவாங்க?" உடனே புரிந்துகொண்டார்.

கீழே வந்து, கேனில் குழாயின் ஒரு முனையை இறக்கினேன். மறுமுனை இயந்திரத்தின் வால்வில். வால்வைத் திறந்தால் உள்ளே இருக்கிற வேக்யூம் திரவத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். ஆபத்து ஒன்றே ஒன்று: குழாய் முனை திரவத்துக்கு மேலே வந்துவிட்டால், திரவத்துக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். காற்று புகுந்தால் அன்றைய ரிசப்ஷன் கோவிந்தா.

டில்லியை வால்வில் நிறுத்தினேன். "இங்க என்ன நடந்தாலும் திரும்பிப் பார்க்காதீங்க. நான் மூடுன்னு சொன்னா மூடணும். அவ்வளவுதான் உங்க வேலை."

"இன்னா நடக்கப்போவுது மேடம் இங்க?" என்று சிரித்துக்கொண்டே திறந்தார்.

திரவம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அப்போது படியில் செருப்புச் சத்தம். ஜரிகை வேஷ்டி, அங்கவஸ்திரம், தங்கப் பிரேம் கண்ணாடி. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"மேடம், தப்பா நினைச்சுக்கப்படாது. நான் பொண்ணோட அப்பாவுக்கு அக்கா ஆத்துக்காரர். எல்லாரும் அத்திம்பேர்னுதான் கூப்பிடுவா. வாசல்ல பன்னீர் தெளிச்சுண்டு நின்னேன். செக்யூரிட்டி கேனை எடுத்துண்டு போறச்சே என்ன வந்திருக்குன்னு சொன்னான்."

"சார், இது குடிக்கிறது இல்ல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றா." குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கல்யாணம் நிச்சயமானதுலேர்ந்து மோரைத் தவிர ஒண்ணும் தொண்டையில இறங்கல. ஒரே ஒரு வாய்."

"இது மெஷினுக்கு சார்!"

"மெஷினுக்குக் கொடுக்கறேள், மனுஷாளுக்குக் கொடுக்கப்படாதா?"

என் ஒரு கை குழாயில், இன்னொரு கை கேனின் கழுத்தில். விலகிப் போகச் சொல்லி வாய் திறப்பதற்குள் அவர் குனிந்து கேனைச் சாய்த்துவிட்டார். டம்ளரில் கொஞ்சம் விழுந்தது. குழாய் முனை திரவத்திலிருந்து நழுவுவதை நான் கண்ணால் பார்த்தேன். அதே கணத்தில் டம்ளர் அவர் உதட்டை நோக்கிப் போவதையும் பார்த்தேன்.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டையும் ஒருவரே காப்பாற்ற முடியாது. "டில்லி, மூடு!" என்று கத்திவிட்டு, குழாயை விட்டேன். எம்பி டம்ளரைத் தட்டினேன். அது பறந்தது. அதிலிருந்தது அவர் அங்கவஸ்திரம், சட்டை, வேஷ்டி எல்லாவற்றிலும் தெளித்தது. திரும்பிப் பார்த்தால் வால்வு மூடியிருந்தது. டில்லி சொன்னபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தின சத்தத்தில் காற்று உள்ளே போகும் முன்பே மூடிவிட்டார். நான் குழாயை இன்னும் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எந்தப் பயனும் இருந்திருக்காது. வால்வு அவர் பொறுப்பு என்று கொடுத்த பிறகு அது அவர் பொறுப்புதான். உங்கள் பக்கத்தில் நிற்கிறவரை அந்த அளவுக்கு நம்ப முடியாவிட்டால், அந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

"இப்ப திரும்பலாமா மேடம்?" என்று கேட்டுத் திரும்பிய டில்லி, டம்ளரையும் அத்திம்பேரையும் பார்த்தார். "இன்னா நைனா, சாவறதுக்கா இறங்கி வந்தே? அது விஷம்யா!"

 அப்போதுதான் நெடி அத்திம்பேருக்கு எட்டியிருந்தது. கண்ணில் நீர் வழிய, முகத்தைத் துடைக்க அங்கவஸ்திரத்தை எடுத்தார். அதில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தெளித்திருந்தது. கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்து மேலே அனுப்பினேன். உடையை என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

மீதி அளவையும் ஏற்றி முடித்தோம். டில்லி வெப்பமானிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எண் ஒரு புள்ளி இறங்கியது. இன்னொன்று. அப்புறம் மளமளவென்று இறங்கத் தொடங்கியது.

"கம்முனு கெடந்துச்சு மேடம், இப்ப பாரு, இன்னாமா குடிக்குது!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பர்ஜ் பம்ப்பை நானே போய் நிறுத்தினேன். எப்போது ஓட்டினால் போதும் என்பதையும் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

விளக்கெல்லாம் போட்ட பிறகு, பெண்ணின் அப்பா மறுபடி படியிறங்கி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"ரொம்பக் குளிர்றது. வயசானவாளெல்லாம் ஷால் கேக்கறா. கொஞ்சம் குறைக்க முடியுமா?"

குறைத்தேன். இந்தத் தொழிலில் கிடைக்கிற பாராட்டு இந்த வடிவத்தில்தான் வரும். வந்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கிளம்பலாம் என்று பையை மூடியபோது முதலாளி ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "மேடம், ஹாலுக்கு வாங்க. மானம் போகுது."

ஹாலில் மேடைக்கு வலதுபுறம் மூன்று வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. நடுவில் அத்திம்பேர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அவருடைய மனைவி, பெண்ணுக்கு அத்தை, ஒன்பது கஜத்தில் நின்றிருந்தார். பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் மெஷின் பார்க்க வந்தவாளா?" என்று மாமி என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்களே சொல்லுங்கோ. இவர் மேலே வர வாசனை என்ன?"

அத்திம்பேர் கண்ணாலேயே கெஞ்சினார். முதலாளி பக்கத்தில் வந்து, "ஏதோ ஆயில்னு சொல்லிடுங்க," என்று முணுமுணுத்தார். எனக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஒரு மனுஷன் மேல் ரசாயனம் பட்டிருக்கிறது. நாளைக்குத் தோல் எரிந்து டாக்டரிடம் போனால் என்ன பட்டது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

"ஆக்டைல் ஆல்கஹால் மாமி," என்றேன்.

ஹால் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. முதலாளி பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அத்திம்பேர் கண்ணை மூடிக்கொண்டார். மாமி மட்டும் அசையவில்லை.

"அதைக் குடிச்சா போதை வருமா?"

"வராது மாமி. வயிறு எரியும், வாந்தி வரும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும்."

மாமி தன் கணவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"போதை வராதுன்னா இவர் குடிச்சிருக்கவே மாட்டார். நீங்க பாட்டைப் பாடுங்கோ."